இலைப்பேனின் குஞ்சுப் பருவம்

ஆற்காட்டுக்குத் தெற்கே திமிரியைத் தாண்டிக் கலவைப் பக்கம் போனால், ஏரி பாயும் பள்ளத்தில் நெல்லும் மேட்டுக் கொல்லையில் மல்லாட்டை என்று இங்கே சொல்லும் நிலக்கடலையும் கண்ணில் படும். வெளியூர்க்காரர்களுக்கு இந்த வட்டாரம் என்றதும் ராணிப்பேட்டை, ஆம்பூர்த் தோல் ஆலைகள்தான் நினைவுக்கு வரும். கொல்லை வைத்திருப்பவர்களின் கவலை வேறு. மழையை நம்பி ஆடியில் விதைத்த மல்லாட்டை கைக்கு வருமா என்பதே அவர்கள் பேச்சு.

விதைத்து ஒரு மாதம்கூட ஆகாத செடி. கொழுந்து இலையில் முதலில் வெளிர் புள்ளிகள் தெரியும், சில புள்ளிகள் வளையமாக விரியும். வெயில் ஏறினால் நுனி மொட்டு கருகித் தலை சாயும். அதன்பின் செடி சாகாமலே கெடும். பக்கக் கணுக்களிலிருந்து சின்னச் சின்ன இலைகளோடு துளிர்கள் கொத்தாகக் கிளம்ப, உயரம் குன்றிக் குத்தாக நின்றுவிடும். பிடுங்கிப் பார்த்தால் காய் இருக்காது. இருந்தாலும் பருப்பு சுருங்கி, மேல்தோல் நிறம் திரிந்திருக்கும். இதற்கு மொட்டுக் கருகல் நோய் என்று பெயர். காரணம் ஒரு வைரஸ். அது அந்தக் கொழுந்துக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதைத்தான் இங்கே பின்தொடரப் போகிறேன். அந்த வழியின் பாதி செடியில் இல்லை, ஒரு பூச்சியின் உடம்புக்குள் இருக்கிறது. அந்தப் பூச்சியை வைரஸ் என்ன செய்கிறது என்பதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை.

இந்தியாவில் இந்த நோய் 1949இல் முதன்முதலாகப் பதிவாயிற்று. ஆஸ்திரேலியாவில் தக்காளியைத் தாக்கிப் பேர் பெற்ற புள்ளி வாடல் வைரஸ்தான் இங்கேயும் வந்திருக்கிறது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அறிகுறியும் ஒன்றுபோல் இருந்தது, பரப்பும் பூச்சியும் இலைப்பேன் இனமே. ஐதராபாத் அருகே பட்டன்சேருவில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் டி.வி.ஆர். ரெட்டி குழுவினர் பல ஆண்டுகள் இதன்மேல் உழைத்தார்கள். 1992இல் இது தனி வைரஸ் என்று உறுதியானது. நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸ் என்ற பெயர் அப்படி வந்தது. பரப்பும் பூச்சி எது என்பதிலும் திருத்தம் வேண்டியிருந்தது. முதலில் வேறு பேன் வகைகள்மேல் பழி விழுந்தது. பிறகுதான் திரிப்ஸ் பால்மி என்ற மஞ்சள் நிறப் பேன் முக்கியக் குற்றவாளி என்று தெளிவாயிற்று. 1925இல் சுமத்ராவிலிருந்து வந்த மாதிரிகளைக் கொண்டு விவரிக்கப்பட்ட இனம் அது.

வைரஸின் உருவத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு அளவுக்கு உருண்டை. உள்ளே மூன்று ஆர்.என்.ஏ. இழைகள், நெடியது, நடுத்தரம், குட்டை. மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 16,800 எழுத்துகள். அதைச் சுற்றிக் கொழுப்பாலான ஒரு சவ்வு, சவ்வின்மேல் முள் முள்ளாகப் புரதங்கள். செடி வைரஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சவ்வு கிடையாது. விலங்குகளைத் தாக்கும் வைரஸ்களிடம்தான் சவ்வு சாதாரணம். குடும்ப மரத்தைப் பார்த்தால் காரணம் புரிகிறது. இந்தியாவில் 2011இல் குஜராத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட கிரிமிய-காங்கோ ரத்தக் கசிவுக் காய்ச்சலின் வைரஸும் இதுவும் ஒரே பெருங்குடும்பத்தின் கிளைகள். அங்கே உண்ணி கடத்துகிறது, இங்கே இலைப்பேன். மல்லாட்டை தின்பவருக்கு இந்த வைரஸால் எந்த நோயும் வராது. ஆனாலும் இதன் பூர்விகம் பூச்சியில்தான் இருக்க வேண்டும், செடி பின்னால் பிடித்துக்கொண்ட இடம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பூச்சியை வெறும் சுமைகூலியாக நினைத்தால் இந்த வைரஸின் கதையில் பாதி விளங்காது.

நடுத்தர இழைதான் மிகவும் வியப்பானது. ஒரே இழை இரண்டு எதிர்த் திசைகளில் படிக்கப்படுகிறது. ஒரு முனையிலிருந்து படித்தால் கிடைக்கும் புரதம், செடியின் செல்சுவரில் உள்ள நுண்துளைகளில் குழாய் அமைத்து வைரஸைச் செல்லுக்குச் செல் கடத்துகிறது. மறுமுனையிலிருந்து வருபவை சவ்வின்மேல் நிற்கும் முள் புரதங்கள். பூச்சியின் குடல் செல்லில் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைவதற்கு உதவுபவை இவை. ஒரு பூட்டுக்கு ஒன்றாக இரண்டு சாவிகள், ஒரே வளையத்தில். பூச்சிக்குள் முதல் சாவிக்கு வேலையில்லை, செடிக்குள் இரண்டாவதற்கு வேலையில்லை.

இது வெறும் ஊகமல்ல. இதன் ஒன்றுவிட்ட சகோதரனான தக்காளிப் புள்ளி வாடல் வைரஸை ஆய்வகத்தில் பூச்சியின் துணையில்லாமல், நோயுற்ற இலைச்சாற்றைக் கையால் தேய்த்துத் தேய்த்துச் செடியிலிருந்து செடிக்கு மாற்றிக்கொண்டே போனார்கள். போகப் போக முள் புரதங்கள் பழுதாயின. சவ்வே இல்லாத வைரஸ்கள்கூடத் தோன்றின. அவை செடியில் நன்றாகப் பெருகின, நோயையும் உண்டாக்கின. ஆனால் பேனால் அவற்றை எடுத்துச் செல்ல முடியவில்லை. பூச்சிக்காக மட்டும் சுமந்த உறுப்பு, பூச்சி இல்லாத உலகில் சில தலைமுறைகளிலேயே கழன்று விழுந்தது.

இனி வரப்புக்கு வருவோம். வைரஸின் பயணம் பெரும்பாலும் மல்லாட்டையில் தொடங்குவதில்லை. பக்கத்துக் கொல்லையில் தக்காளி இருக்கலாம், உளுந்தோ காராமணியோ இருக்கலாம். வரப்பு ஓரத்துக் களைகளிலும் இது குடியிருக்கும். தகரை போன்ற களைகளில் வைரஸ் இருந்தாலும் செடி பெரிதாகக் காட்டிக்கொடுக்காது. அப்படி ஒரு செடியின் இலைத் திசுவுக்குள் தாய்ப்பேன் முட்டையைச் செருகி வைக்கிறது. முட்டை சுத்தமானது. தாய்க்கு வைரஸ் இருந்தாலும் முட்டைக்கு இறங்குவதில்லை.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, கண்ணால் பார்த்தால் ஒரு வெளிர் மஞ்சள் கோடு. அதற்கு வேலை செய்யும் தாடை ஒன்றுதான், இடப்பக்கத்துத் தாடை. வலத்தாடை வளராமலே போய்விடுகிறது. அந்த ஒற்றைத் தாடையால் இலையின் மேல்தோலைக் குத்தி, பின்னாலுள்ள ஊசிக் குழாயைச் செருகிச் செல்லின் சாற்றை உறிஞ்சுகிறது. நோயுற்ற இலையானால் அந்தச் சாற்றோடு வைரஸும் குடலுக்குப் போகிறது. நடுக்குடலின் செல்களில் முள் புரதம் ஒட்டுகிறது. சவ்வு சவ்வோடு கலக்கிறது. இழைகள் மூன்றும் உள்ளே இறங்கிப் பெருகத் தொடங்குகின்றன. அந்தக் கணம் முதல் பேனும் ஒரு நோயாளி.

இங்கே வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குஞ்சுப் பருவத்தில் வைரஸைக் குடித்த பேன் மட்டுமே பெரிதானதும் அதைப் பரப்பும். இறகு முளைத்த பேன் நோயுற்ற இலையை நாள் முழுக்க உறிஞ்சினாலும் அதன் வழியே நோய் பரவாது. குடலில் வைரஸ் புகுந்தாலும் உமிழ்நீர்ச் சுரப்பி வரை போய்ச் சேராது. காரணம் உடலமைப்பில் இருக்கிறது. இளங்குஞ்சின் குட்டி உடம்பில் நடுக்குடல், அதைச் சுற்றியுள்ள தசை, உமிழ்நீர்ச் சுரப்பி ஆகிய மூன்றும் இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன. குடலிலிருந்து தசைக்கும் தசையிலிருந்து சுரப்பிக்கும் வைரஸ் தாவ அந்த நெருக்கமே பாலமாகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். உடம்பு வளர வளர உறுப்புகள் விலகிக்கொள்கின்றன, பாலம் அறுந்துபோகிறது. சில நாள் மட்டுமே திறந்திருக்கும் கதவு அது. அந்தச் சில நாளில், எந்த இலையில் பிறந்தோம் என்ற ஒன்றே அந்தப் பேனின் எதிர்காலத்தையும் ஒரு மல்லாட்டைக் கொல்லையின் எதிர்காலத்தையும் தீர்மானித்துவிடுகிறது.

குஞ்சு தின்று முடித்ததும் செடியை விட்டு இறங்கி மண்ணுக்குப் போகிறது. கூட்டுப்புழுப் பருவம் இரண்டு நிலையாக மண்ணில் கழிகிறது. அப்போது தீனியும் இல்லை, பெரிய நடமாட்டமும் இல்லை. உடல் உருமாறும் அந்த நாள்களிலும் வைரஸ் அழிவதில்லை. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து இறகு வரை ஏறக்குறைய இரண்டு வாரம். வெளியே வரும் பேனின் இறகில் சவ்வுப் பரப்பு குறைவு, ஓரம் முழுக்க நீண்ட மயிர். அதற்குச் சொந்தமாகப் பறக்கும் பலம் கொஞ்சம்தான், காற்றுதான் சுமந்து போகிறது. சாகும்வரை அது வைரஸைத் துப்பிக்கொண்டே இருக்கும்.

பேனின் உடம்பு இதைச் சும்மா ஏற்றுக்கொள்கிறதா? இல்லை. தக்காளிப் புள்ளி வாடல் வைரஸ் நுழைந்ததும் அதன் பேனில் நோய்த்தடுப்பு மரபணுக்கள் விழித்துக்கொள்வதை 2004இல் பிரேசில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூச்சி எதிர்க்கிறது, ஆனால் வெளியேற்ற முடிவதில்லை. நிலக்கடலை மொட்டுக் கருகல் வைரஸையும் தர்பூசணியைத் தாக்கும் அதன் உறவு வைரஸையும் குடித்து வளர்ந்த திரிப்ஸ் பால்மியின் வாழ்க்கைப் போக்கே மாறிவிடுகிறது என்று புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2019இல் பதிவு செய்தது.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டயேன் உல்மன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு. பேன் இலையைக் குத்தும் ஒவ்வொரு குத்தையும் மின்சார அலையாகப் பதியும் கருவியைக் கொண்டு நோயுற்ற பேனையும் நோயற்ற பேனையும் ஒப்பிட்டார்கள். புள்ளி வாடல் வைரஸ் தொற்றிய ஆண் பேன்கள், தொற்றாத ஆண்களைவிட மூன்று மடங்குவரை அதிகமாக இலையைக் குத்தின. அதிலும் ஒரு நுணுக்கம். பேனின் குத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் செல்லை முழுக்க உறிஞ்சி வெற்றுத்தோலாக்கிவிடும், அந்தச் செல் செத்துவிடும். மற்றொன்றில் லேசாகக் குத்தி, எச்சிலை விட்டு, உறிஞ்சாமல் நகர்ந்துவிடும், செல் பிழைத்திருக்கும். வைரஸுக்கு வேண்டியது உயிருள்ள செல். செத்த செல்லில் அது பெருக முடியாது. நோயுற்ற ஆண்களிடம் இந்த லேசான குத்துகளும் கூடியிருந்தன. ஏன் இப்படி நடக்கிறது? வைரஸ் பேனின் சத்தைத் திருடுவதால் பசி கூடுகிறதா, வேறு எதையாவது திருகிவிடுகிறதா? பசிதான் என்ற பக்கம் சான்று கூடுகிறது. அதே குழுவினர் 2014இல், வைரஸ் தொற்றிய பேன்கள் சிலந்திப்பூச்சியின் முட்டைகளைக் கூடுதலாகத் தின்பதைக் கண்டார்கள். இலைச்சாற்றில் புரதம் குறைவு, முட்டையில் நிறைவு. காய்ச்சல்காரன் எதையோ தேடித் தின்பதுபோன்ற ஒரு தவிப்பு அந்த ஒரு மில்லிமீட்டர் உடம்பில் இருக்கிறது.

இப்படி ஒரு பேன், ஒரு மாலைக் காற்றில், கலவைப் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் வந்து விழுகிறது. விழும் இடம் தற்செயலல்ல. செடி நெருங்கி மண் மறைந்த கொல்லையைவிட, இடைவெளி விழுந்து மண் தெரியும் கொல்லையில்தான் பேன்கள் அதிகம் இறங்குகின்றன. விரியாத கொழுந்து இலையின் மடிப்புக்குள் புகுந்து குத்துகிறது. எச்சிலோடு வைரஸ் செல்லுக்குள் இறங்குகிறது. இப்போது மற்ற சாவியின் முறை. செல்சுவரில் குழாய் அமைகிறது, வைரஸ் பக்கத்துச் செல்லுக்கும், பிறகு சாறு ஓடும் வழியைப் பிடித்து நுனி மொட்டுக்கும் போகிறது. செடியும் சும்மா இருக்காது. அந்நிய ஆர்.என்.ஏ.வைத் துண்டாடும் ஏற்பாடு அதனிடம் உண்டு. குட்டை இழையிலிருந்து வரும் ஒரு புரதம் அந்த ஏற்பாட்டை முடக்குகிறது. அதே புரதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு என்று 2019இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூச்சி கடித்தால் எழும் செடியின் தற்காப்பையும் அது அடக்குகிறது. அப்படி அடங்கிய செடியைத் தேடிப் பேன்கள் வருகின்றன, அதில் நன்றாகவும் பெருகுகின்றன. நெதர்லாந்தில் 2005இல் குடைமிளகாயில் நடந்த ஆய்விலும், நோயுற்ற செடியில் வளர்ந்த பேன் குஞ்சுகள் கூடுதலாகப் பிழைத்து விரைவாக வளர்ந்தன. ஆக, பூச்சியின் உடம்புக்குள்ளே வைரஸ் ஒரு சுமை, பூச்சி உட்கார்ந்திருக்கும் செடியில் அதே வைரஸ் ஒரு உதவி. வைரஸ் பூச்சிக்கு நல்லதா கெட்டதா என்று ஒற்றை வரியில் பதில் கேட்பவர்களுக்கு இந்த இடம் பிடிபடாது.

எல்லா வைரஸும் தன்னைச் சுமக்கும் பூச்சியோடு இவ்வளவு நெருங்குவதில்லை. கலவையின் நெல் வயலிலேயே ஒப்பிடலாம். துங்ரோ நோயைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சியில் அந்த வைரஸ்கள் பெருகுவதே இல்லை. வாயிலும் தொண்டையிலும் சில நாள் ஒட்டியிருந்துவிட்டு, பூச்சி தோலுரித்தால் போய்விடும். மல்லாட்டையிலேயே இன்னொரு வழக்கு உண்டு. 2000ஆம் ஆண்டு ஆந்திரத்தின் அனந்தப்பூரில் ஏறக்குறைய 2,25,000 ஹெக்டேர் நிலக்கடலை கருகியது. 300 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு. முதலில் எல்லோரும் மொட்டுக் கருகல் என்றே நினைத்தார்கள். ஆராய்ந்தபோது அது புகையிலைக் கீற்று வைரஸ். பரப்பியதும் இலைப்பேன்தான், ஆனால் முறை முற்றிலும் வேறு. பார்த்தீனியப் பூவின் மகரந்தத்தில் அந்த வைரஸ் இருக்கிறது. பூவில் புரளும் பேனின் உடம்பில் மகரந்தம் ஒட்டுகிறது. பேன் மல்லாட்டை இலையைக் குத்தும்போது மகரந்தத்திலிருந்து வைரஸ் காயத்தில் புகுகிறது. பேனுக்கு இதில் ஒரு நோயும் இல்லை. வயதுக் கணக்கும் இல்லை, எந்தப் பேனும் சுமக்கலாம். கொல்லையில் நின்று பார்த்தால் இரண்டும் கருகிய மல்லாட்டை, இரண்டுக்கும் காரணம் பேன். ஆனால் ஒன்றைத் தடுக்கப் பார்த்தீனியம் பூக்கும்முன் அதைப் பிடுங்க வேண்டும். மற்றொன்றுக்கு அந்த வைத்தியம் போதாது.

மொட்டுக் கருகலுக்கு மருந்தடித்துப் பார்த்தவர்கள் பலர். கை நிறையச் செலவு செய்தும் நோய் வந்துகொண்டேயிருந்ததன் காரணம் பயணத்தைப் பின்தொடர்ந்தால் விளங்கும். மல்லாட்டையில் நோயைக் கொண்டுவரும் பேன்களில் பெரும்பாலானவை வெளியே பிறந்து, வெளியே வைரஸைக் குடித்து வந்தவை என்று இக்ரிசாட் வயல் ஆய்வுகள் கூறின. கொல்லைக்குள்ளேயே செடிக்குச் செடி பரவுவது மிகக் குறைவு. வந்து இறங்கும் பேன் மருந்துக்குச் சாகும்தான். ஆனால் சாவதற்கு முன் ஒரு குத்துப் போதும்.

எனவே பலன் தந்தவை எளிய வழிகள். மழை விழுந்ததும் காலத்தோடு விதைத்தால், பேன் திரளாக வரும்போது செடி முற்றியிருக்கும். மொட்டுக் கருகல் வழக்கமாக வரும் இடங்களில் 30க்கு 10 செ.மீ. என்ற வழக்கமான இடைவெளிக்குப் பதில் 15க்கு 15 செ.மீ. வைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 33 செடி இருந்த இடத்தில் 44 செடி. மண் சீக்கிரம் மறையும், பேன் இறங்குவது குறையும். சில செடி கெட்டாலும் பக்கத்துச் செடி படர்ந்து ஈடுகட்டும். ஊடே கம்பு விதைத்தால் காற்றில் வரும் பேனுக்கு அது மறைப்பு. ரகங்களில், தமிழகத்தில் நெடுநாள் புழங்கிய டி.எம்.வி. 2 இந்த நோய்க்கு எளிதில் விழும். இக்ரிசாட் கண்டெடுத்தவற்றில் சில, பேனுக்கு அவ்வளவாகப் பிடிக்காதவை, இன்னும் சில, வைரஸையே ஓரளவு தாங்குபவை. இவற்றோடு நான் ஒன்றை அழுத்திச் சொல்வேன். விதைப்பதற்கு முன் வரப்பையும் பக்கத்துத் தக்காளிப் பாத்தியையும் போய்ப் பாருங்கள். குஞ்சுகள் வளரும் இடம் அது.

வைரஸைப் பொறுத்தவரை மல்லாட்டை பெரும்பாலும் முட்டுச்சந்து. விதை வழியாகவும் அது அடுத்த பட்டத்துக்குப் போவதில்லை. பருப்பின் மேல்தோலில் வைரஸ் தென்படும், உள்ளே முளைக்கரு சுத்தமாக இருக்கும். ஒரு குடும்பத்தின் ஒரு பட்டத்து வருமானத்தை அழித்த வைரஸுக்கு அந்த அழிவால் ஒரு லாபமும் இல்லை. அதன் வாரிசுகள் இருப்பது இங்கேயல்ல, வரப்பில், அந்தத் தகரையில், பக்கத்துத் தக்காளியில். அங்கே நோயுற்ற ஒரு தாய்ப்பேன் இன்றும் சுத்தமான முட்டைகளை இலைக்குள் செருகிக்கொண்டிருக்கும். அந்த முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுகள் முதல் சில நாளில் எந்த இலையைக் குத்துகின்றனவோ, அதைப் பொறுத்தே வைரஸ் அடுத்த தலைமுறைப் பேனுக்குள் ஏறும் அல்லது அந்தக் கிளை அங்கேயே நின்றுபோகும்.